புதிய வேடம் ஒன்று வேண்டுமா?

விளையாட்டு என்றவுடன் அது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். ஆனால் நல்லதொரு விளையாட்டை உற்று நோக்கினால் அதற்குள் ஒரு சிறிய ஊரே அடங்கியிருப்பதைக் காணலாம். அங்கே வலியவர் உண்டு, எளியவர் உண்டு. முன்னே செல்பவர் உண்டு, பின்னே நின்று காப்பவரும் உண்டு. அந்தச் சிறிய ஊருக்குள் புதிதாக ஒருவரைக் குடியேற்ற வேண்டுமானால் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும்? சென்ற பாலன் பிறப்பு விழா விடுமுறையில் எங்களிடையே இந்தக் கேள்வி எழுந்தது. அதற்கு நாங்கள் தேடிக் கண்ட விடையை இங்கே எழுதுகிறோம்.

கேள்வி எழுந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கப்பலில் பணிபுரியும் மாமா ஒருவர், எங்கள் தோழி ஒருத்திக்கு ஒரு பெட்டியை வாங்கி வந்திருந்தார். அதனுள் விதிப் புத்தகம் ஒன்றும், நான்கு முகம் முதல் இருபது முகம் வரை கொண்ட விதவிதமான பகடைகளும் இருந்தன. அந்த விளையாட்டின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் உருவாக்கி 1974ஆம் ஆண்டில் வெளியிட்டது. இதில் கட்டங்கள் நிறைந்த பலகை கட்டாயமில்லை. நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, "நான் இந்தக் கதவைத் திறக்கிறேன்", "நான் அந்தப் பாலத்தைக் கடக்கிறேன்" என்று சொல்லிச் செல்வார்கள். ஐயமான செயல் கைகூடிற்றா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நாடகமும் தாயமும் கலந்த விளையாட்டு என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

1980களில் அமெரிக்கப் பெற்றோர் பலர் இவ்விளையாட்டைக் கண்டு அஞ்சியதுண்டு. ஆகையால் நாங்கள் புத்தகத்தை முதலில் எங்கள் சகோதரியிடம் கொடுத்தோம். அவர்கள் மூன்று நாள் வைத்திருந்து படித்துவிட்டு, "இதில் எல்லாரும் ஒருவருக்கொருவர் உதவினால்தான் பிழைக்க முடியும் போலிருக்கிறதே! ஆடுங்கள்" என்று திருப்பித் தந்தார்கள்.

இந்த விளையாட்டில் ஒருவர் ஏற்கும் வேடத்தைப் 'பாத்திர வகை' என்று சொல்லலாம். போர் வீரர், மந்திரவாதி, குருவானவர் எனப் பல வகைகள் உண்டு. புத்தகம் முழுவதும் புரட்டியும் நம் ஊர் முத்துக் குளிப்பவரை அதில் காணோம்! தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில் பிறந்த எங்களுக்கு அது பெருங்குறையாகப் பட்டது. "நாமே ஒரு பாத்திர வகையைச் செய்தால் என்ன?" என்று தொடங்கினோம். செய்வது எளிது; செய்தது ஆட்டத்துக்குப் பயன்படுவதுதான் கடினம் என்பதை விரைவில் கண்டுகொண்டோம்.

ஆடும் புலியும்

முதலில் நாம் அறிந்த ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இருபத்து மூன்று புள்ளிகள் கொண்ட முக்கோணக் கட்டம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் ஆற்றல் கிடையாது. பதினைந்து ஆடுகளும் ஒவ்வொன்றாகக் கட்டத்துள் வந்து சேரும் வரை வைத்த ஆட்டை நகர்த்தவும் கூடாது. இவ்வளவு எளிய ஆடு எப்படி வெல்கிறது? ஒன்றன் பின் ஒன்றாகத் துணை நின்று, புலிகள் அசைய வழியில்லாமல் அடைத்து வெல்கிறது.

இந்தப் பழைய ஆட்டமே இரண்டு உண்மைகளைக் கற்பிக்கிறது. இரண்டு வேடங்கள் இருக்குமானால் அவற்றை ஆடும் இருவரும் வெவ்வேறு விதமாகச் சிந்திக்க வேண்டும். புலியை ஆடுபவர் இடைவெளியைத் தேடுகிறார். ஆட்டை ஆடுபவர் இடைவெளியை மூடுகிறார். அடுத்து, ஒவ்வொரு வேடத்துக்கும் ஓர் ஆற்றலோடு ஒரு குறையும் இருக்க வேண்டும். புலியின் குறை அதன் எண்ணிக்கை. ஆட்டின் குறை அதன் எளிமை. இக்குறைகளை நீக்கிவிட்டால் ஆட்டமே இல்லை. நாலாவதாக ஒரு புலியைச் சேர்த்தால் புலிப் பக்கம் வலுக்குமே தவிர, புதிதாகச் சிந்திக்க ஒன்றும் கிடைக்காது.

அரசியும் குதிரையும்

அடுத்து, பாரதத்தில் பிறந்து உலகெங்கும் பரவிய சதுரங்கத்தைப் பார்ப்போம். அரசனுக்கு அருகில் நின்ற மந்திரி, பழைய ஆட்டத்தில் மூலைவாட்டாக ஒரே ஒரு கட்டம்தான் நகர முடியும். பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற பிறகு அந்த மந்திரி அரசியானார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின், இத்தாலி ஆகிய நாடுகளில் அரசிக்குப் புதிய ஆற்றல் கிடைத்தது. நேராகவும் மூலைவாட்டாகவும் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் செல்லலாம் என்றாயிற்று. மெதுவாக நகர்ந்த ஆட்டம் விறுவிறுப்படைந்தது. கடைசிக் கட்டத்தை எட்டும் காலாள் அரசியாகலாம் என்பதால், யாரும் பொருட்படுத்தாத காலாளுக்கும் மதிப்பு உயர்ந்தது. ஒருவருக்குக் கிடைத்த ஆற்றல் இன்னொருவரையும் உயர்த்திற்று!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை ஆற்றல் பெற்ற அரசியாலும் குதிரையைப் போல் ஒரு காயைத் தாண்டிக் குதிக்க முடியாது. குதிரையின் வேலை குதிரையிடமே இருந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. சிசிலித் தீவைச் சேர்ந்த பியெத்ரோ கரேரா என்னும் குருவானவர் 1617ஆம் ஆண்டில் சதுரங்கத்தைப் பற்றி நூல் ஒன்று வெளியிட்டார். பலகையை எண்பது கட்டமாக்கி, இரண்டு புதிய காய்களைச் சேர்க்கலாம் என்றார். மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1921 முதல் 1927 வரை உலக வெற்றி வீரராக விளங்கிய கியூபா நாட்டுக் கப்பபிளாங்காவும் அத்தகைய காய்களையே முன்மொழிந்தார். சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும்போது வெற்றி தோல்வியின்றியே முடிகிறதே என்பது அவர் கவலை. ஒரு காயின் பெயர் 'சான்ஸலர்'. அது கோட்டையும் குதிரையும் சேர்ந்தது. மற்றொன்றின் பெயர் 'ஆர்ச்பிஷப்', அதாவது பேராயர். அது பிஷப் காயும் குதிரையும் சேர்ந்தது. இன்றும் ஆர்வலர்கள் சிலர் இவ்வகை ஆட்டங்களை ஆடுகிறார்கள். ஆயினும் உலகம் பழைய பலகையையே வைத்துக்கொண்டது.

பேராயருக்கே இடம் கிடைக்கவில்லையே, ஏன்? எங்கள் எண்ணம் இதுதான். அந்தக் காய்கள் செய்யும் ஒவ்வொரு செயலையும் செய்ய ஏற்கெனவே ஒரு காய் இருந்தது. குதிரைக்கே உரிய தாண்டலையும் அவை எடுத்துக்கொண்டன. ஆற்றல் பெருகியது, புதுமை பெருகவில்லை.

திருடன் வந்த கதை

இனி எங்கள் பெட்டிக்குத் திரும்புவோம். 1974ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புத்தகத்தில் மூன்றே பாத்திர வகைகள் இருந்தன. போர் வீரர் எந்த ஆயுதத்தையும் ஏந்தலாம், மந்திரம் அறியார். மந்திரவாதி பெரிய மந்திரங்களை அறிவார். கவசம் அணியக் கூடாது. குருவானவர் காயத்தை ஆற்றுவார், தீய ஆவிகளை விரட்டுவார். கூரிய ஆயுதத்தைத் தொடக் கூடாது. ஆட்டத்தில் மிகுந்த வலிமை பெற்றுவிட்ட ஒரு தீய பாத்திரத்தை எதிர்ப்பதற்காகவே குருவானவர் வேடம் முதலில் தோன்றியது என்பர். ஒரு தேவை இருந்தது. அதை நிறைவேற்ற ஒரு வேடம் பிறந்தது.

அடுத்த ஆண்டே, 1975-ல், 'கிரேஹாக்' என்னும் துணைப் புத்தகத்தில் 'திருடன்' என்ற வகை சேர்ந்தது. பூட்டைத் திறத்தல், மறைந்து நடத்தல், பொறிகளைக் கண்டறிதல் ஆகியவை அவன் தொழில். பெயர் நன்றாக இல்லாவிட்டாலும் பலரும் விரும்பிய வேடம் அது. ஆனால் அதனால் ஒரு சங்கடமும் நேர்ந்தது என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. திருடன் வருவதற்கு முன், வீரனாக ஆடுபவரும் "நான் மெல்ல அடியெடுத்து வைக்கிறேன், தரையில் பொறி இருக்கிறதா என்று கோலால் தட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லலாம். திருடனுக்கென்று விதி எழுதப்பட்ட பிறகோ, "அது திருடன் வேலை, எனக்கு ஆகாது" என்று மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

இது எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. எல்லாரும் இயல்பாகச் செய்து வந்த ஒன்றை ஒருவருக்கு மட்டும் உரியதாக்கினால், ஒருவர் பெறுகிறார். மற்ற அனைவரும் இழக்கிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளையை மட்டும் "இவள்தான் படிப்பாளி" என்று சொல்லிவிட்டால் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைத்துவிடுவதில்லையா? அதுபோலத்தான்.

முத்துக் குளியாள்

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு நாங்கள் எங்கள் முத்துக் குளியாளை உருவாக்கினோம். ஒரே முறையில் வெற்றி கிடைக்கவில்லை.

முதல் முயற்சியில், போர் வீரரையே எடுத்து, நீந்தும் ஆற்றலைச் சேர்த்தோம். ஆடிப் பார்த்தால் கரையில் வாள் வீசினார், கடலிலும் வாள் வீசினார். உடை மாறிற்று, ஆள் மாறவில்லை.

இரண்டாம் முயற்சியில் தாராளமாக வழங்கினோம். ஒரு மணி நேரம் நீருக்குள் இருக்கலாம், இருட்டிலும் கண் தெரியும், சுறாவையும் கொல்லலாம். அன்று அந்த வேடம் ஏற்றவள் ஒருத்தியே கதையை முடித்துவிட்டாள். மற்ற மூவரும் முறுக்குத் தட்டைக் காலி செய்தோம்! குறையில்லாத வேடம் பிறருக்கு வேலையில்லாமல் செய்துவிடுகிறது.

மூன்றாம் முயற்சிக்கு முன், தோழியின் தாத்தாவிடம் சென்றோம். அவர்கள் சிறுவயதில் முத்துச் சலாபத்தைக் கண்டவர்கள். பின்னாளில் சங்கு குளித்தவர்கள். தூத்துக்குடிக் கடலில் அரசினர் நடத்திய முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எங்கள் விதிகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்:

"எல்லாம் சரிதாம்மா. கயிறு யார் கையிலே இருக்கு?"

நாங்கள் விழித்தோம். கயிற்றை நாங்கள் நினைக்கவே இல்லை.

அப்போது தாத்தா விளக்கினார்கள். குளியாள் கல்லைக் காலில் பற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். மூச்சுக் கருவி எதுவும் கிடையாது. அடக்கிய மூச்சே துணை. ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் சேர்த்துவிட்டுக் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் உடனே இழுத்து மேலேற்ற வேண்டும். ஒரு நொடி பராக்குப் பார்த்தாலும் போச்சு! "மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்" என்பது பழமொழி. கடலிலும் அப்படித்தான், தங்கையின் வாழ்வு தன் கையில் இருக்கிறது என்று அறிந்த மச்சானிடமே கயிற்றைக் கொடுப்பார்கள் என்று நம் கரையில் சொல்வதுண்டு.

தோணியில் இன்னும் பலர் இருந்தனர். சம்மாட்டி, தோணி செலுத்தும் தண்டல், உள்ளே புகும் நீரை இறைப்பவர் எனப் பலருக்கும் பணி இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' என்பவரும் அந்நாளில் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அவ்வாறு மந்திரம் ஓதுவோருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதைக் குறிப்பிட்டுள்ளார். மந்திரத்தை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் பயத்தைப் போக்கும் பணிக்கும் ஒரு தோணியில் இடம் இருந்தது என்பது கவனிக்கத் தக்கது.

தாத்தாவின் கேள்வியை வைத்து விதிகளைப் புதிதாக எழுதினோம். குளியாளிடம் ஏழு புளியங்கொட்டைகள் இருக்கும். அவையே அவர் மூச்சு. கீழே இறங்க ஒன்று. சிப்பி எடுக்க ஒன்று. சுற்றிப் பார்க்க ஒன்று என ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கொட்டையைக் கீழே வைக்க வேண்டும். மீதியை மூடிய கைக்குள் வைத்திருப்பார். எத்தனை மிச்சம் என்று எவருக்கும் தெரியாது. நீருக்குள் இருக்கும்போது பேசக் கூடாது. மேசையை ஒரு தட்டுத் தட்டலாம். அதுவே கயிற்றின் அசைவு. இன்னொரு வேடத்தை ஆடும் ஒருவர் கயிறு பிடிப்பவராக இருக்க வேண்டும். தட்டு விழுவதற்கு முன்பே இழுத்தால் சிப்பி கிடைக்காது. தாமதித்தால் குளியாள் மூச்சிழப்பார். கயிற்றை வீரரும் பிடிக்கலாம், குருவானவரும் பிடிக்கலாம். அது ஒரு வகைக்கு மட்டும் சொந்தமில்லை.

இம்முறை கயிறு பிடித்தவள், எங்கள் குழுவில் எப்போதும் கடைசியில் அமர்ந்து அதிகம் பேசாதவள். குளியாளாக ஆடியவள் பேராசையால் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டைகளைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். தட்டு இன்னும் விழவில்லை. நாங்கள் எல்லாரும் சிப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் குளியாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "இழுத்துட்டேன்!" என்றாள். குளியாள் கையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரே ஒரு புளியங்கொட்டை!

அன்று எவரும் முறுக்கைத் தேடவில்லை.

நாங்கள் கண்ட விடை

புதிய வேடம் ஒன்று பயனுள்ளதா என்று அறிய நான்கு கேள்விகள் போதும் என்று நாங்கள் முடிவு செய்தோம். அவ்வேடத்தை ஏற்பவர் மற்றவரைப் போலன்றி வேறு விதமாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறதா? பிறர் உதவியை நாடச் செய்யும் குறை ஒன்று அதற்கு உண்டா? மற்றவர்களின் வேலையைப் பறிக்காமல் இருக்கிறதா? அது வந்தபின் மற்றவர்களும் முன்னைவிட விழிப்பாக, முக்கியமானவர்களாக ஆகிறார்களா? நான்கிற்கும் 'ஆம்' என்றால் அந்த வேடத்தை மேசைக்கு அழைக்கலாம்.

இவற்றுள் நான்காவது கேள்வியே பெரியது. அரசியின் ஆற்றல் காலாளை உயர்த்தியது. குளியாளின் மூச்சு, கயிறு பிடிப்பவளை உயர்த்தியது. நாங்கள் ஒரு வேடத்தைச் செய்யப் புறப்பட்டோம். கையில் கிடைத்ததோ இருவரை இணைக்கும் ஒரு கயிறு.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில், ஒரே உடலில் பல உறுப்புகள் இருப்பதைப் பற்றியும், ஒன்று மற்றொன்றை வேண்டாம் என்று தள்ள இயலாததைப் பற்றியும் எழுதுகிறார். எத்தனையோ முறை அதைக் கேட்டிருக்கிறோம். ஏழு புளியங்கொட்டைகளுக்குப் பிறகுதான் அது எங்களுக்கு நன்றாக விளங்கிற்று. நம் ஊரில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளாரையும் அப்போது நினைத்துக்கொண்டோம். பிற நாட்டிலிருந்து வந்த அவர், மக்களின் மொழியாகிய தமிழைக் கற்று, தமிழிலேயே எழுதினார். அவர் எழுதிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சேறியது. காலியாக இருந்த ஓர் இடத்தை அறிந்து அதில் நின்றார். அதனால் பலரும் படிக்க வழி பிறந்தது.

அன்புத் தோழியரே! அடுத்த ஆண்டு விழாவில் நாடகத்துக்கு வேடம் பிரிக்கும்போது எல்லாரும் அரசி வேடத்தையே கேட்போம், அது இயல்புதான். கிடைக்காதவர்கள் முகம் வாட வேண்டாம். எந்த வேடம் கிடைத்தாலும், "கயிறு யார் கையில்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஒருவேளை அது உங்கள் கையிலேயே இருக்கலாம். இருந்தால், இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்; கண்ணை அங்கே இங்கே ஓட விடாதீர்கள்.